டோன் வராத இரண்டாவது ஜோடி

அந்த மோடம் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்த அன்று, அதை யார் வீட்டில் போடுவது என்பதைவிட, அதன் பக்கத்தில் யார் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்பதில்தான் குழப்பம் அதிகமாக இருந்தது. நான் அப்போது தாம்பரம் பக்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் ஜூனியர் இன்ஜினியர். அந்த 'ஜூனியர்' என் தலைமுடி முழுக்கப் போன பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை. கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று அந்தத் திட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இன்று வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஃபைபர்தான் தெரியும். எனவே தாமிரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மெல்லிய தாமிரக் கம்பிகள் போகும். அதுதான் ஜோடி. மண்ணுக்கடியில் கேபிளாக வந்து, தெருமுனையில் நிற்கும் பில்லர் என்ற இரும்புப் பெட்டியில் ஏறி, அங்கிருந்து கம்பத்துக்கும் கம்பத்திலிருந்து வீட்டுக்கும் போகும். பேச்சும் இன்டர்நெட்டும் அதே ஜோடியில்தான். தூரம் கூடினால் வேகம் குறையும். புதிதாக வந்த மோடத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு ஜோடிகளைச் செருகலாம். இரண்டின் வேகத்தையும் சேர்த்து ஒன்றாகத் தரும். பாண்டிங் என்று பெயர். ஒற்றை மாட்டு வண்டியில் இன்னொரு மாட்டைப் பூட்டுவது போலத்தான். இரண்டு மாடும் உயிரோடிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

"நல்ல வீடா பாருய்யா" என்றார் எங்கள் அதிகாரி சுந்தரவதனன். "பின்னாடி சுவர் பெயின்ட் அடிச்சிருக்கணும். மேலிடத்துல போட்டோ கேப்பாங்க."

நான் பார்த்த வீட்டில் சுவர் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் தேவை இருந்தது.

இரண்டு விளக்கு

ராஜகீழ்ப்பாக்கத்தில், பிரதான சாலையிலிருந்து உள்ளே உள்ளே போய், இனிமேல் வீடே இருக்காது என்று நினைக்கும் இடத்தில் ஹெலன் டீச்சரின் வீடு. பெரிய பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் தேவசகாயத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். வளைகுடா நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். கணவரை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை உலகத்தில் அது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது. பிசியோதெரபிக்காரர் வீட்டுக்கு வந்து போவதே அந்தச் சம்பளத்தில்தான்.

கம்பெனிக்கு ஒரே ஒரு கண்டிப்பு. வகுப்பு நடக்கும்போது வேகம் பதினைந்து எம்பிக்குக் கீழே போகக்கூடாது. டீச்சர் வீட்டு ஜோடியில் வந்தது பத்து. டீச்சர் பின்னத்தை விளக்கும்போது அவர் முகமே பின்னமாகத் தெரிகிறது என்று பெற்றோர்கள் புகார் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் வரும். ஃபைபருக்கு, பாதாள சாக்கடை வேலை முடியும் வரை தெருவை வெட்டக்கூடாது என்று உத்தரவு. பாதாள சாக்கடை வேலை எப்போது முடியும் என்று கேட்ட ஆட்கள் எல்லாம் ரிட்டையர் ஆகிவிட்டார்கள்.

அந்த ஏரியா லைன்மேன் எத்திராஜ். பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். அவருடைய அப்பா நெல் நட்ட நிலத்தில்தான் இன்று அடுக்குமாடி நிற்கிறது. பூமிக்கடியில் எங்கே கேபிள் போகிறது என்று கேட்டால், "எங்க கெணறு இருந்துச்சே, அதுக்கு மேலண்டை" என்று அடையாளம் சொல்வார். இல்லாத கிணற்றை வைத்து நாங்கள் கேபிளைக் கண்டுபிடிப்போம்.

பில்லரில் நானும் எத்திராஜும் நல்ல ஜோடி ஒன்றைத் தேடியெடுத்தோம். ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரே கார்டில் அடுத்தடுத்த இரண்டு போர்ட்டுகளில் போட்டேன். மோடத்தின் பின்னால் இரண்டையும் செருகியதும் முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது கொஞ்ச நேரம் கண் சிமிட்டி, யோசித்து, பிறகு நின்று எரிந்தது. வேகம் இருபதுக்குப் பக்கத்தில். டீச்சர் கையை நெஞ்சில் வைத்து ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். வேலை செய்தது நான் என்றாலும் ஸ்தோத்திரம் அங்கே போவதுதான் எங்கள் இலாகாவில் வழக்கம். சுந்தரவதனன் வந்து மோடத்தைக் குழந்தை மாதிரி கையில் ஏந்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

வழக்கம்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் இலாகாவில் அழாத பிள்ளையின் பாலைப் பிடுங்கித்தான் அழுத பிள்ளைக்குக் கொடுப்போம். புதுக் கேபிள் வாங்குவது நின்று பல காலம் ஆகியிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிப் பாதி ஜோடிகள் செத்துவிட்டன. யாராவது புகார் கொடுத்தால் லைன்மேன் பில்லரைத் திறப்பார். பட்டின்ஸ்கி என்ற டெஸ்ட் போனை ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக் காதில் வைத்துக் கேட்பார். டயல்டோன் வந்தால் அங்கே ஆள் இருக்கிறார். வராவிட்டால் ஆள் இல்லை, காலி. அந்த ஜோடியை எடுத்துப் புகார் கொடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். வேறு வழியும் கிடையாது. நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

பாண்டிங்கில் இரண்டாவது ஜோடி வெறும் இன்டர்நெட்டுக்கு. அதில் போன் கிடையாது. எனவே டோன் வராது.

இரண்டு வாரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக் போன் செத்தது. எத்திராஜ் லீவில் இருந்தார். அடுத்த ஏரியா ஆள் வந்து கேட்டார், டோன் இல்லை, எடுத்துக் கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டார். டீச்சரின் இரண்டாவது விளக்கு அணைந்தது. ஒரு குழந்தையின் பரீட்சைக்கு முந்தைய நாள் வகுப்பு பாதியில் அறுந்துபோனது. கம்பெனி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வருகிற திங்கட்கிழமை சாயங்கால வகுப்பைக் கண்காணிப்பார்கள். வேகம் குறைந்தால் டீச்சரின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

கிளினிக்குக்கு வேறொரு ஜோடியைத் தேடிக் கொடுத்து, டீச்சரின் ஜோடியைத் திரும்பப் பிடித்துப் போட்டுவிட்டு, சுந்தரவதனனிடம் போனேன்.

"சார், அந்த ரெண்டாவது ஜோடில சும்மா ஒரு டோன் குடுத்துட்டா யாரும் எடுக்க மாட்டாங்க."

"நம்பர் இல்லாம டோன் எப்படிய்யா குடுக்கறது?"

"ஒரு நம்பர் குடுத்துடலாம் சார்."

"கஸ்டமர் அப்ளை பண்ணாம நம்பர் எப்படிய்யா குடுக்கறது? ஆடிட்ல நீ வந்து பதில் சொல்றியா?"

நான் பதில் சொல்ல மாட்டேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் பில்லரில் ஓர் அட்டை கட்டினேன். நல்ல தடித்த சிவப்பு அட்டை. மழையில் அழியாத மையில், என் கையெழுத்திலேயே அழகானதைத் தேர்ந்தெடுத்து எழுதினேன்: 'ராஜகீழ்ப்பாக்கம் ஹெலன் டீச்சர் வீட்டுக்கு ஒதுக்கியது. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.' லைன்மேன்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எத்திராஜ் ஒருபடி மேலே போய், "டீச்சரம்மா லைன எவனாச்சும் தொட்டான்னா நான் கேட்டுக்கறேன் சார்" என்றார். அவர் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு வரவழைத்தது டீச்சர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெளிவு

திங்கட்கிழமை சாயங்காலம் நான் எக்ஸ்சேஞ்சில்தான் இருந்தேன். வகுப்பு முடிந்திருக்கும் என்று நினைத்த நேரத்தில் டீச்சர் வீட்டு லேண்ட்லைனிலிருந்து போன் வந்தது.

அந்த லேண்ட்லைனின் லட்சணம் எனக்குத் தெரியும். முதல் ஜோடி கொஞ்சம் பழையது. இன்டர்நெட் எப்படியோ ஓடிவிடும், பேசினால் மட்டும் அப்பளம் பொரிக்கிற சத்தம் வரும். டீச்சர் எப்போது பேசினாலும் பாதியை நான் ஊகித்துக்கொள்வேன்.

அன்று ஒரு பொரியலும் இல்லை. "சார்" என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது போலக் கேட்டது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டதுகூடக் கேட்டது. அடுத்த வார்த்தை வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் போனுக்கு இவ்வளவு தெளிவு தர, டோன் இல்லாமல் கிடந்த நல்ல ஜோடி அந்தப் பில்லரில் ஒன்றுதான் இருந்தது, நான் அட்டை கட்டியது.

"ரெண்டாவது லைட் மத்தியானமே போயிருக்கு சார். நான் அவருக்குச் சாப்பாடு ஊட்டிட்டிருந்தேன், கவனிக்கல. க்ளாஸ் ஆரம்பிச்சு பத்து நிமிஷம். அப்புறம் அவங்களே கட் பண்ணிட்டாங்க."

எத்திராஜுக்குப் போன் போட்டேன். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"டீச்சரம்மா வூட்ல கம்ப்ளைன்ட் சார். போன்ல கரகரன்னு சத்தம் வருதாம். டீச்சரம்மா வூட்டுக்கார சார்தான் குடுத்திருக்காரு. நானே ஓடிப்போய் சரி பண்ணிட்டேன்."

"எந்த ஜோடி குடுத்தே?"

"நீங்க அட்டை கட்டி வெச்சிருந்தீங்கல்ல, அதான். டோன் இல்லாம சும்மா கீது, டீச்சரம்மாவுக்குன்னு எழுதியும் கீது. பழசு பேஜாரா இருந்துச்சு, தூக்கிட்டேன். அவங்க ஜோடிய அவங்களுக்கேதான் சார் குடுத்தேன். வேற எவனுக்கும் குடுக்கல."

அட்டையில் எழுதியிருந்ததை அவர் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தார். என் பணிக்காலத்தில் நான் எழுதிய உத்தரவு ஒன்று முழுமையாக அமல்படுத்தப்பட்டது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது மாடு எங்கே என்று கேட்டு, அந்த ஜோடி எதற்காக இருந்தது என்று சொன்னேன். பிறகு, "இப்பவே மாத்திடறேன் சார்" என்றார். மாற்றினோம். இருட்டுவதற்குள் இரண்டு விளக்கும் எரிந்தன. அதற்குள் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. மரியாதையான மெயில்தான். இவ்வளவு மரியாதையாக எழுதினால் எந்த முடிவும் மாறப்போவதில்லை என்று அர்த்தம்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் சுந்தரவதனன், புகார் வந்த அன்றே சரி செய்ததற்காக ராஜகீழ்ப்பாக்கத்தைப் பாராட்டினார். வாடிக்கையாளர் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார் என்று திரையில் காட்டினார். கொடுத்தவர் தேவசகாயம். புகார் சரியானதும் போனில் வரும் கேள்விக்கு, இடது கையால், ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்திக் கொடுத்திருக்கிறார். எத்திராஜ் கடைசி வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தட்டியவர்களில் நானும் ஒருவன். எல்லாரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

சத்தம்

வகுப்பு அறுந்த அந்த வாரமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனதில் ஒன்றும் உபயோகப்படவில்லை. தேவசகாயம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் பாதி சிரித்தது. நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நின்று நின்றுதான் பேசுவார்.

"நான்தான்… கம்ப்ளைன்ட் குடுத்தேன். திங்கக்கெழம… இவளுக்கு முக்கியமான க்ளாஸ். லைன்ல சத்தம் இருந்தா… பாடம் நடத்த முடியாதுல்ல? அதான்… முன்னாடியே சொல்லி சரி பண்ண வெச்சேன்."

நோய் வந்ததிலிருந்து அந்த வீட்டுக்காக அவர் தானாகச் செய்த முதல் காரியம் அது.

நான் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். கையில் காபி டம்ளருடன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். தலையை மிக லேசாக, சொல்ல வேண்டாம் என்பது போல அசைத்தார்.

"இப்ப எப்படி… கேக்குது சார்?" என்றார் தேவசகாயம்.

"பிரமாதமா கேக்குது சார்" என்றேன். உண்மையில் அப்போது பழைய ஜோடிதான் திரும்ப வந்திருந்தது, பொரியல் சத்தத்தோடு. மறுநாள் நானும் எத்திராஜும் போய் இரண்டாவது ஜோடியை மீண்டும் எடுத்து அவர் போனுக்கே கொடுத்துவிட்டோம். டீச்சருக்கு இனி பதினைந்து எம்பி தேவையில்லை. மோடத்தை எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அலமாரியில் வைத்தேன். அதன் போட்டோ வட்டார அலுவலகச் சுவரில் நெடுங்காலம் இருந்தது. காரை பெயர்ந்த இடத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

கம்பெனி புது முறை கொண்டுவந்துவிட்டது, டீச்சர்கள் எல்லாரும் இப்போது காத்திருப்பில் இருக்கிறார்கள் என்று கணவரிடம் டீச்சர் சொல்லி வைத்திருக்கிறார். தெருப் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் ட்யூஷனுக்கு வருகிறார்கள். பிசியோதெரபிக்காரர் இப்போது வருவதில்லை. எத்திராஜ் போய்வரும்போது தேவசகாயத்தின் கையைப் பிடித்து வாசல்வரை நடக்க வைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சொல்கிறேன். ஒரு லைனில் சத்தமில்லை என்றால், அதைக் கழற்றுவதற்கு முன்னால் அது போய்ச் சேரும் வீடு வரை நடந்து போய்க் கதவைத் தட்டுங்கள். வெயிலாக இருக்கும், நாய் இருக்கும், மேலே இருக்கிறவர் ஏன் தாமதம் என்பார். ஆனாலும் தட்டுங்கள். அட்டை எழுதிக் கட்டிவிட்டால் தட்ட வேண்டியதில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் தேவசகாயம் அவ்வப்போது போன் செய்கிறார். நலம் விசாரிக்க இல்லை. "லைன் எப்படி சார் இருக்கு?" என்று கேட்கத்தான். அவர் குரல் மணி மணியாகக் கேட்கிறது. பின்னால் சமையலறையில் டீச்சர் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பதுகூடக் கேட்கிறது.

"சூப்பரா இருக்கு சார்" என்கிறேன். "உங்க கம்ப்ளைன்ட்டாலதான்."