பெரட்டில் ராக்காயி அக்காவின் பெயர்

"என்னம்மா கிராணி, உன் மெஷினு ராக்காயிய வேலைய விட்டே தூக்கிருச்சே?" என்று கேட்டபடி தோட்ட அலுவலகத்துக்குள் வந்தார் அப்பளசாமி அண்ணன்.

"ஆஸ்பத்திரியில இருக்கிறவங்கள வரலன்னுதானே அண்ணே போடும்?"

"வரலன்னு நான் எப்ப சொன்னேன்? 'வரும்'னுதானே சொன்னேன்."

"அதுக்கு ரெண்டு கட்டந்தான் அண்ணே. வந்தாச்சு, வரல."

"எனக்கு முப்பது வருசமா மூணு கட்டம் லா. உன் மெஷினு இன்னும் பாலர் பள்ளிதான்."

செமிலிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர், வேலையாட்களின் மேஸ்திரி; நான் கிராணி, கணக்கு எழுதுபவள். விடிந்ததும் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர்களைக் கூப்பிட்டு, அதை எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போடுவார். நான் கேட்டுத் தட்டச்சு செய்வேன். அந்த வாரந்தான், நிரல் எதுவும் எழுதாமலே ஒன்றை இன்னொன்றோடு இணைக்கும் ஒரு செயலியைக் கொண்டு, அவர் குரல் ஏஐக்குப் போய்ப் பட்டியலாகக் குழுவுக்கே திரும்பும்படி செய்திருந்தேன்.

நோயில் படுத்தவர் பெயரையும் அவர் விடமாட்டார். பெயரைக் கூப்பிட்டு, "வரும்" என்று அவரே பதிலும் சொல்வார். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ராக்காயி அக்கா தினமும் கைபேசியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பட்டியலில் "வரவில்லை" என்று பார்த்ததும், தன் இடம் போய்விட்டதென்று அழுதிருக்கிறார்.

அண்ணன் இப்போது ஓய்வுபெற்றுப் பெண்டாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தக் கரகரத்த குரல் இல்லாத காலைகள் எனக்கு இன்னும் பழகவில்லை. அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டது இதுதான்:

"மூணாவதா ஒரு கட்டம் போட்டுக் கொடும்மா. ராக்காயி எழும்பி நடக்கிற வரைக்கும் பேரு அங்கயே இருக்கட்டும்."