சமையலறைச் சகோதரன்

டெக்சாஸில் ஒரு விவசாயக் கல்லூரி. அதற்கு எதிரே, 'ஃப்ரட்டர்னிட்டி' என்று அங்கே சொல்லும், மாணவர்கள் சேர்ந்து தங்கும் சகோதர சங்க வீடு. அங்கே நான் சமையல்காரன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அடுப்புக்குக் குரல் தேவையில்லை என்பதால் பிழைத்தேன்.

சங்கம் பிறந்த கதை எனக்கு மனப்பாடம். புதிதாகச் சேர்பவர்கள் தினமும் சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்று அதை ஒப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பண்ணை வீட்டுப் பிள்ளைகளைச் சாணி நாற்றம் என்று சொல்லி மற்றவர்கள் ஒதுக்கினார்களாம். அந்தப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்து, அவரவர் தட்டை அவரவர் கழுவி, நல்ல மனிதர்களாக வளர்ந்தார்களாம். உருக்கமாக ஒப்பித்து முடிப்பார்கள். நான் பரிமாறுவேன். தின்ற தட்டுகள் மேசையிலேயே கிடக்கும். இவர்கள் மண்ணைப் பார்ப்பது பிக்கப் டிரக்கின் டயரில் மட்டும்தான். அதையும் உடனே கார் வாஷுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

போன வருடம் நிறுவனர் நாள் நெருங்கியபோது சங்கத் தலைவனுக்கு ஞானம் பிறந்தது. மூலக் கொள்கைக்குத் திரும்புவோம், இனி நாமே சமைப்போம் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"அவங்களுக்குக் கொள்கை வந்தா நமக்கு ஏங்க வேலை போகுது?" என்றாள் மனைவி. "இந்த வயசுல வேற எந்த கிச்சன்ல உங்களை எடுப்பாங்க? போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"என்னன்னு கேக்குறது?"

"ஆமா, நீங்க கேட்டுட்டாலும்!"

நான் கேட்கவில்லை. சில நாள் கழித்து அவர்களே போனில் அழைத்தார்கள். பேசியவன் சங்கத்தில் இருந்த ஒரே தமிழ்ப் பையன், ஹூஸ்டன் டாக்டர் தம்பதியின் மகன். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அங்கிள், ப்ளீஸ் கம் பேக். த சிக்கன் வாஸ் ரா. எவ்ரிபடி இஸ் சிக்." கோழி வேகவில்லையாம், தின்ற எல்லோருக்கும் உடம்பு சரியில்லையாம்.

"அப்போ கொள்கை என்னாச்சு தம்பி?"

"வீ ஃபிக்ஸ்ட் இட், அங்கிள்!"

கொள்கையைச் சரிசெய்த விதம் இதுதான்: என்னைக் கௌரவச் சகோதரன் ஆக்கிவிடுவது. சகோதரன் சமைத்தால் சங்கமே சமைத்த மாதிரி.

"சம்பளம் உண்டுல்ல?" என்று மட்டும் கேட்டேன். என் வாழ்நாளில் நான் நடத்திய பேச்சுவார்த்தை அது ஒன்றுதான்.

"சேம் சம்பளம், அங்கிள்."

மறுநாளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

நிறுவனர் நாளன்று தோளில் சங்கத்தின் பச்சைப் பட்டை போட்டு, அந்த மேசையில் முதல்முறையாக என்னை உட்கார வைத்தார்கள். நான் சமைத்ததை நானும் சாப்பிட்டேன். பிறகு எழுந்து, சங்கத்தின் கதையில் வருவதுபோல என் தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். யாராவது பின்னால் எழுந்து வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

காலையில் பட்டையோடு வந்தேன். மற்ற தட்டுகள் எல்லாம் மேசையில் போட்டது போட்டபடி காய்ந்து கிடந்தன. பச்சைப் பட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன்.