பாண் சாப்பிட்ட பிள்ளை

என் தங்கை வள்ளியின் மலம் நாறியதைப்போல எங்கள் தோட்டத்தில் வேறெதுவும் நாறியதில்லை. சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கிடக்கும் அதை வழித்துக் கழுவுவது ஒன்பது வயதில் என் வேலை. சீ, எழுதும்போதே குமட்டுகிறது.

வெள்ளைக்காரத் துரைகளின் காலம் அது. இலங்கையில் றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை. நாலு வயது வள்ளிக்குக் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பூச்சிதான் கணக்கப்பிள்ள, வயித்தப் பாத்தாலே தெரியுதே" என்று "பூச்சி எண்ணெய்" கொடுத்தார். டர்பன்டைன்போல நெடியடிக்கும் அந்தக் கண்றாவியை மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். பாதி அவள் வாயில், மீதி அம்மா மடியில்.

சோறு கனமாம், சீக்காளிக்கு ஆகாதாம். அதனால் தபால் எடுக்க டவுனுக்குப் போகிறவர் தினமும் பாண், அதாவது கோதுமை ரொட்டி, வாங்கி வருவார். அம்மா அதைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து ஊட்டுவாள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் வாய் பார்த்து நிற்பதில் அப்பாவுக்கு ஒரு மிதப்பு. "எம் புள்ள என்னா, மரவள்ளியத் தின்னுக்கிட்டா கெடக்கணும்?" என்பார்.

ஓர் அடைமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. பாண் நின்றது. வேறு வழியில்லாமல் வள்ளிக்கும் அரிசிக் கஞ்சி, மரவள்ளி, பலாக்கொட்டை. கொஞ்ச நாளில் அவள் வயிறு வற்றியது, நாற்றம் போனது, கோழியைத் துரத்தினாள், என் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியா, போன தடவ குடுத்த எண்ண வேல செஞ்சிருச்சு" என்றார் அப்பா.

பாதை திறந்த அன்றே இரண்டு பாண் வந்தன. "நல்லா தின்னட்டுங்க, பாவம் புள்ள" என்று அம்மா சந்தோஷமாகப் பால் காய்ச்சினாள். நாற்றம் திரும்பியது, எண்ணெயும் திரும்பியது. வள்ளி கண் மூடிய காலையில்கூட, "ஒரு வாய் தின்னுடி தங்கம்" என்று அம்மா பாணைத்தான் பிசைந்துகொண்டிருந்தாள்.

போன வருடம் என் பேத்திக்கும் அதே வயிறு, அதே நாற்றம். கொழும்பில் இரத்தம் சோதித்து, வாய்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்த்த டாக்டரம்மா, இது சீலியாக் நோய், கோதுமை ஆயுளுக்கும் ஆகாது, சோறு தாராளமாகக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான், பிள்ளை தேறிவிட்டாள்.

பூச்சி எண்ணெயும் டிஸ்பென்சரும் நாங்கள் இருந்த வீடும் இன்று இல்லை. ஒழிந்தது சனியன் என்றுதான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் அந்தப் பாண் மிதப்பை நினைத்தால்தான் வயிறு எரிகிறது: அப்பா கணக்கப்பிள்ளையாக இல்லாமல் லயத்தில் ஒருவராக இருந்திருந்தால், வள்ளி மரவள்ளியைத் தின்றே பிழைத்திருப்பாள்.