மூன்றாவது விசில்

இது கட்டிவிட்ட கதை இல்லை. சங்ககிரியில் லாரிப் பட்டறைத் தெருவில் குடியிருக்கும் மெர்லின், பைபிள்மேல் கை வைத்துச் சொன்னது. நம்பாதவர்கள் சாயங்காலம் நாலு பத்துக்கு அவள் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். நான் கூட வரமாட்டேன்.

அவள் புருஷன் பிரான்சிஸ் ரிக் ஆபரேட்டர். போன நவம்பரில் அருணாசலப் பிரதேச எல்லைக்கு வேலைக்குப் போனான். மலையை உடைத்து ரோடு, ஓடைக்கு ஓடை பாலம். இவன் பாறையில் ஓட்டை போடுவான். அதில் வெடிமருந்து வைத்துத் தகர்ப்பார்கள். அதற்கு முன்னால் மூன்று விசில். முதல் விசிலுக்கு வேலையை நிறுத்தணும். இரண்டாவதுக்கு ஓடணும். மூன்றாவதுக்கு மலை பிளக்கும்.

டீ நேரத்தில் வீடியோ கால் பண்ணுவான். சரியாக நாலு பத்து. அங்கே அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும்.

டிசம்பர் 3. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். மஞ்சள் ஹெல்மெட். கழுத்தில் விசில்.

"ஆருங்க அது?"

"எது?"

"பின்னால."

திரும்பிப் பார்த்தான். "ஆருமில்ல புள்ள."

மெர்லினுக்கு வயிறு எரிந்தது. கட்டினவள் இங்கே தனியாகக் கிடக்கிறாள். எவளோ ஒருத்தி அங்கே தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள். இவன் கூசாமல் இல்லை என்கிறான்!

மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாள் அவள் தாடை அவன் தோளில் இருந்தது... குளிரில் அவன் பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது. அவள் வாயிலிருந்து வரவில்லை. மெர்லின் அதையும் பார்த்தாள். பொறாமையில் அது உறைக்கவில்லை.

"அவ வேணுமா, நான் வேணுமா? வேலைய உட்டுப்போட்டு வாங்க!"

வந்தான். டிசம்பர் 12. கறிக்குழம்பு கொதித்தது. மெர்லின் மனசுக்குள் அந்த விசில்காரியைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்துவிட்டாளாம்.

மறுநாள். சோபாவில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பத்து.

பீர்ர்ர்...

லாரியைப் பின்னால் எடுக்க கிளீனர் ஊதுகிறான் என்று நினைத்தாள்.

பீர்ர்ர்...

பிரான்சிஸ் டம்ளரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். செருப்புகூடப் போடவில்லை.

"ஏனுங்க?"

"ரெண்டு விசில் புள்ள..."

தெருவில் லாரியே இல்லை.

அன்றைக்கே கந்தவேலுக்குப் போன் போட்டாள். திருச்செங்கோட்டு ஆள், அந்த சைட்டில் மேஸ்திரி.

"அண்ணா, அந்த விசில்காரி ஆருங்க?"



"நீயும் பாத்தியா சாமி? அவ செத்து ரெண்டு வருசமாச்சு. ரெண்டு விசில் ஊதுனா. மூணாவது ஊதறதுக்குள்ள மருந்து வெடிச்சிருச்சு. நாலு பத்துக்கு."

"வேற ஆராச்சும் அவளப் பாத்திருக்காங்களா?"

"மருந்து வெடிச்ச ரோட்டு வளைவுல அவ நிக்கறத நாலஞ்சு பேரு பாத்திருக்காங்க. உம்புருசன் கெளம்புனதுக்கப்புறம் ஆரு கண்ணுக்கும் படல."

புருஷனோடு சேர்த்து விசில்காரியையும் கூப்பிட்டு வரவழைத்தது மெர்லினேதான்.

இப்போதெல்லாம் நாலு மணிக்கே சோபாவில் உட்கார்ந்து அவன் வலது கையைப் பிடித்துக்கொள்கிறாள். பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் என்கிறாள்.

நாலு பத்து.

ஒன்று...

இரண்டு...

அவனுக்கு இடது பக்கம் மெத்தை அமுங்கும்.

மூன்றாவது இன்னும் கேட்கவில்லை.