ஏழாம் பாடல் ஒலித்த பாறை

பிறைசூடிய பெருமான் திருவடியை முடிமேல் கொண்டு தொடங்குகிறேன். இன்று கார்த்திகைச் சோமவாரம். சென்ற ஆண்டும் இந்நன்னாளில்தான், வல்லத்துக்கு அருகே ஒரு சிறு குன்றின்மேல் என் நோய் வெளிப்பட்டது.

அது முன்பே வந்திருந்தது. திண்டிவனத்து வீட்டில் பதிகம் பாடும்போது சில நாள் ஒரு கணம் எல்லாம் இருளும். உடலே இல்லாததுபோல் ஆகிப் பின் மீளும். இறைவன் தொட்டுச் செல்கிறான் என்றே கொண்டேன். அருளை வெளியில் சொல்லலாகாது என்று மறைத்தேன். என்னைப்போல் மறைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

குன்றேறும்போது பதிகத்தின் பதினொரு பாடல்களையும் இடைவிடாமல் பாடுவது என் வழக்கம். அன்று துணைக்கு வந்தவன் தம்பி. மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுபவன், சிறு வயது முதல் என் பாட்டைக் கேட்டுச் சலித்தவன்.

“சாமி எங்கியும் ஓடிடாது. மெதுவா ஏறுக்கா.”

பாதி வழியில் ஓர் அகன்ற பாறை. கீழே ஏரி தகடாக மின்னியது. மேற்கே செஞ்சிக் குன்றுகள் நீலமாகத் தெரிந்தன. காற்று நின்றிருந்தது. ஆறாம் பாடலை முடித்தேன். அடுத்து நான் அறிந்தது, என் வாயில் எட்டாம் பாடலின் முதற்சொல். பாறையில் கிடந்தேன். நெற்றியில் இரத்தம்.

“இன்னாக்கா ஆச்சு? கூப்புட கூப்புடப் பாடிக்கினே கெடக்குறியே!”

“ஏழாவத நான் பாடவே இல்லடா.”

“காதால கேட்டேங்கா. கண்ணு மேல சொருவிக்கினு இருக்குது, பாட்டு மட்டும் வருது.”

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தான். நெஞ்சில் ஹோல்டர் (இதயத் துடிப்பை நாள் முழுதும் பதியும் கருவி) பொருத்தினார்கள். மறுநாள் மருத்துவரம்மா பதிவைக் காட்டினார்.

“இங்க பாருங்கம்மா, ஆறு செகண்ட் ஹார்ட் துடிக்கவே இல்ல. அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“பதிகம் பாடிக்கினு இருந்தேங்க.”

நோய், ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்குறிப்பு தடைபடுதல், இரத்தக்குழாய் அடைப்பு அன்று). பேஸ்மேக்கர் (துடிப்பு தவறும்போது தூண்டும் சிறு கருவி) வைத்தாக வேண்டும். தாமதித்தால் ஒருமுறை நின்றது மீண்டும் ஓடாமலே போகலாம் என்றார்.

“வெச்சா அந்த இருட்டு வராதுங்களா?”

“வராதும்மா. அதுக்குத்தானே வைக்கிறோம்.”

இரண்டு நாள் மறுத்தேன். அருள் என்று நம்பியதை என் கையாலேயே அறுத்துவிடச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. தம்பிதான் வெடித்தான்.

“ஒன்னப் பாக்க நெஞ்ச நிறுத்திட்டுத்தான் வரணுமா அந்த சாமி? வெளிச்சத்துல வந்து பாக்கச் சொல்லு.”

கையொப்பமிட்டேன்.

இடத்தோளருகே காறை எலும்பின்கீழ் இப்போது அக்கருவி இருக்கிறது. இருள் வரவில்லை. ஆயினும் எந்தத் துடிப்பு என்னுடையது, எது அதனுடையது என்று எனக்குத் தெரிவதில்லை. ஒரு நாளின் எல்லாக் கணங்களும் எனக்கு உரியவை என்ற எண்ணமும் போய்விட்டது.

இன்று காலை மீண்டும் அக்குன்றேறினோம். மருத்துவர் சொற்படி ஒவ்வொரு பாடலுக்கும் நின்று இளைப்பாறினேன். அதே பாறையில் ஆறாவதை முடித்து வாய்மூடி அமர்ந்தேன்.

நாலடி கீழே நின்ற தம்பி சலிப்போடு சொன்னான்: “நிறுத்தி மூச்சு வாங்குன்னா கேக்குறியா? ஏழாவத ஆரமிச்சிட்ட.”

விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

இதைப் படிக்கும் ஒவ்வொருவர் நெஞ்சும் தன் துடிப்பைத் தவறவிடாதிருக்க, தவறினாலும் பெயர் சொல்லி அழைக்கும் குரல் ஒன்று அருகிருக்க, ஈசன் அருள்க.