சுவரிடம் பேசும் வழக்கம்

பயணியர் பங்களாவில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்த அவரை எல்லோரும் பங்களாக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வெந்நீர் வைப்பது, கொசுவலை கட்டுவது, வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு ஊர் நடப்பைச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்கள் பாஷை அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். தெரியாத கேள்விக்கு மட்டும் தடுமாறாமல் பதில் வரும்.

அப்படித்தான் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். நோட்டும் பென்சிலுமாக ஊர் ஊராய்ச் சுற்றிய ஒரு வெள்ளைக்காரி, ஜனங்கள் குடித்தனம் நடத்துவதைப் பார்க்க ஆசைப்பட்டாள். பங்களாவுக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறை வீட்டுக்கே அழைத்துப் போனார். ஒரு சண்டையில் அவரும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது.

"கூரை ஒழுகுதுன்னு யார் காதுலயாச்சும் விழுந்தா சரி" என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஏன் சுவரோடு பேசுகிறாள் என்று கேட்டாள் விருந்தாளி.

வீட்டுச் சண்டையை வெளியாளிடம் சொல்வதா? "அது மரியாதைங்கம்மா. எங்க பொம்பளைங்க புருஷன்கிட்ட நேரா பேச மாட்டாங்க" என்றார். பென்சில் ஓடியது.

இரண்டு வருடம் கழித்து அது புத்தகமாக வந்தது. அதைப் படித்துவிட்டு, பங்களாவுக்கு மேலதிகாரியாகப் புதிதாக வந்த துரையின் மனைவி, துரைசாணி, அந்த மரியாதையை நேரில் பார்க்க நாளை வருவதாகச் சொல்லியனுப்பினாள். பங்களாக்காரர் நேராக மனைவியிடம் ஓடினார். அந்தத் துரை பொய் என்றால் பொறுக்க மாட்டார். லாந்தர் உடைந்ததை மறைத்த தோட்டக்காரனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழித்தவர். வேலை போனால் வீடும் போகும்.

"ஒரு அரை மணி நேரம் சுவத்தப் பாத்துப் பேசு, தாயே."

"சண்டையே இல்லாம என்னத்தப் பேசுறது?"

"வாயில வந்ததப் பேசு."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மறுநாள் துரைசாணி முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் புத்தகம். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"ஊரார் படுக்கையெல்லாம் உதறிப் போடுற மனுஷனுக்குச் சொந்தப் படுக்கையைச் சுருட்டத் தெரியல."

"நான் நல்லா உழைக்கிறேன்னு சொல்றா" என்று வெள்ளைக்காரர் பாஷையில் எடுத்துச் சொன்னார்.

"குறட்டை விட்டா பங்களாக் குதிரை மிரளுது."

"நிம்மதியாத் தூங்குறேனாம்."

"எங்கக்கா வீட்டுக்காரர் காலைத் தொட்டுக் கும்பிடணும், பொண்டாட்டி கேக்காமலே விறகு பொளந்து போடுவாரு."

அவர் வாயைத் திறப்பதற்குள் துரைசாணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போதும். எனக்குப் புரிகிறது. கப்பல் ஏறுவதற்கு முன்பே உங்கள் பாஷை படித்தேன்" என்றாள், எழுத்துக் கூட்டுகிற மாதிரி.

பங்களாக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புதாங்கம்மா. அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு."

துரைசாணி அவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தாள். "எத்தனை நாள் சண்டை?"

"மொத்தம் ஒம்போது நாளுங்க."

"முதலில் பேசியது யார்?"

"நான்தான்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

துரைசாணி குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்குப் போன மாதம் பன்னிரண்டு நாள். நான் நாயிடம் பேசினேன். அதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம். இதை நான் துரையிடம் சொல்ல மாட்டேன்."

அவள் குடை கண்ணுக்கு மறைகிறவரைக்கும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு அந்த முக்காலியிலேயே சரிந்தார்.

"சொல்ல இன்னும் நிறைய இருக்கு, கேக்குறீங்களா?" என்றாள் மனைவி, அவர் முகத்துக்கு நேராக.

"சொல்லு, சொல்லு" என்றார். வேலை இருந்தது, வீடு இருந்தது. எவ்வளவு திட்டினாலும் கேட்கலாம் போலிருந்தது.