பாய்லரைக் காத்த சாமி

நடப்பவர்களுக்குத் தாகம் எடுக்காது என்று நான் நம்பினேன்.

சிரிக்காதீர்கள்! நாற்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை, ஏற்காடு கடைத்தெருவில் தலை நரைக்கும்வரை டீ ஆற்றியவன், மனப்பூர்வமாக நம்பினேன். பஸ்ஸில் வருகிறவனுக்குத்தான் தொண்டை வறளும். நடந்து வருகிறவன் அப்படியே நடந்து போய்விடுவான்...

அந்த நம்பிக்கையின் பேரில் தெருவோரக் கல் ஒன்றைச் சாமியாக்கினேன். இதுதான் என் குற்றம். கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஓர் இளம் இன்ஜினியர் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார். பஸ்ஸும் வேனும் இனி ஏரிக்கரையோடு நின்றுவிடுமாம். கடைத்தெருவில் மனிதர்களும் சைக்கிள்களும் மட்டுமாம். இரண்டு பக்கமும் கல் பதித்த நடைபாதையாம்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவள் மாரக்கா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கையில் சரிவில் விழுந்து வலது கால் ஊனமானதிலிருந்து, கோலூன்றி நடந்து கொய்யா விற்பவள். பஸ் ஹாரன் அடித்தால் கூடையோடு சாக்கடைக்குள் இறங்கி நிற்பாள்.

“பெரிய ரோடெல்லாம் வேண்டாமுங்க. பயமில்லாம காலை ஊனறதுக்கு ஒரு ஓரம் குடுங்க, போதும்” என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்! மறுநாள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அது நேராக வந்து, தெருவுக்குள் மூன்றடி நீட்டியிருந்த என் தகரச் சார்ப்பின் கீழ் புகுந்து, பாய்லரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பஸ்ஸும் போச்சு, பாய்லரும் போச்சு! நானும் சரசுவும் ஊரைவிட்டுக் குப்பனூர் பாதையில் மூட்டையோடு இறங்குவதுபோல் பகலிலேயே கனவு வந்தது. மூட்டைக்கு மேல் பாய்லர் வேறு.

வேலை தொடங்கும் நாளன்று காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்ப் பனி இறங்கியது. நீட்டிய கை தெரியாத பனி. திருட்டுத்தனத்துக்கு ஏற்காட்டில் இருட்டு எதற்கு? கடைக்குப் பின்னால் கிடந்த கல்லை உருட்டிவந்து, சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் குழி பறித்து நட்டேன். சரசுவின் மஞ்சள் டப்பாவை அதன் தலையில் கவிழ்த்தேன். குங்குமம் வைத்தேன். அவசரத்தில் பாதிக் குங்குமம் என் மூக்கில்.

அப்போது கோல் ஊன்றும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, யாருங்க அது குனிஞ்சுட்டு?”

“நாந்தானுங்க அக்கா. பாக்கு உழுந்திருச்சு, தேடறேன்.”

“உங்க கண்ணுக்குப் பாக்குத் தெரியுதுங்களா? எனக்கு உங்களையே தெரியல!” என்று சிரித்துக்கொண்டே மாரக்கா போனாள்.

பனி விலகியது. செம்மநத்தத்திலிருந்து வேலைக்கு வந்த ஆட்கள் கல்லைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். மஞ்சள் பூசிய கல்லில் எங்கள் மலைக்காரன் இரும்பு பட விடுவானா! இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

“இது எப்ப இருந்துய்யா இருக்கு?”

“சாமிக்கெல்லாம் வயசு கேக்கலாமுங்களா சார்?”

கவனியுங்கள்... சாமி என்று நான்தான் முதலில் சொன்னேன். இத்தனை வருடமாக, ‘நான் பொய் சொல்லவில்லை, மஞ்சள்தான் சொன்னது’ என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அதுவும் பொய்.

நடைபாதை என் கடைவரை வந்து நின்றது. பத்தடி விட்டு மறுபடி தொடங்கியது. பாய்லர் பிழைத்தது. அதற்குத் தண்டனையாக ஊரார் என்னையே பூசாரியாக்கினார்கள். குளிக்கச் சோம்பல்படுகிறவன், தினம் விடிந்ததும் குளித்துக் கற்பூரம் காட்டினேன்.

மாரக்கா தினமும் ஓரமாகவே நடந்து வருவாள். என் கடையருகில் நடைபாதை மேடை முடிந்ததும் கோலை முதலில் இறக்கி, பிறகு கெட்ட காலை இறக்கி, தெருவில் நின்று அந்தக் கல்லைக் கும்பிடுவாள். “நீதான்டா சாமி எனக்கு ஓரம் குடுத்தே” என்பாள். அந்த ஓரத்தை அறுத்த கல்லிடம்! முதல் கொய்யாவை அதன்முன் வைத்து எடுத்து, பூசாரியான எனக்குத் தருவாள்.

நான் தின்றேன்... எப்படித் தின்றேன்?

ஐப்பசி மழையில் ஒருநாள் அப்படி இறங்கும்போது கோல் வழுக்கியது. பிரேக் பிடிக்காத சைக்கிள் ஒன்று மோதியது. கொய்யாக்கள் என் பாய்லர் வரை உருண்டு வந்தன. நல்ல கால் என்று அவளுக்கு இருந்தது ஒன்றுதான். அடி அந்த முட்டியில்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று எஸ்டேட் லயன் குடியிருப்பில் அவள் வீட்டுக்குப் போனேன். முட்டியில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“சைக்கிள்காரன் மேல தப்பில்லீங்க. நம்ம கல்லுச் சாமி பக்கத்துல இருந்துச்சு, முட்டியோட போச்சு. இல்லீன்னா தலை போயிருக்கும்.”

வாயைத் திறந்தேன். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. வந்தது என்ன தெரியுமா?

“சாமிக்குச் சைக்கிள் பிரேக் பிடிக்கத் தெரியாதுங்க அக்கா. கத்துக் குடுத்துட்டு வர்றேன்.”

வலியோடு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நொம்பக் குசும்புங்க உங்களுக்கு!” எழுந்து வந்துவிட்டேன். மெய் வரவேண்டிய இடத்தில் எனக்கு வேடிக்கை வந்துவிடுகிறது. அது ஒரு வியாதி. அன்று அது கோழைத்தனம்.

மறுநாள் இன்ஜினியரிடம் போய், “கல்லை நகர்த்த முடியாதுங்க சார். பாய்லரைக் கடைக்குள்ள நகர்த்தலாம்” என்றேன். சார்ப்பை நானே பிரித்தேன். கல்லுக்கும் கடைக்கும் நடுவில், பாய்லர் இருந்த இடத்தின் வழியாகவே நடைபாதை போயிற்று. இடையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “உங்களைப் போல மனசு எத்தனை பேருக்கு வரும்?” என்று அவர் கை குலுக்கினார். ஊரே மெச்சியது. அந்த மெச்சலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்!

சரசு மட்டும் ஒருநாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, “அந்த மஞ்ச டப்பா எங்க போச்சுன்னு இப்ப வரைக்கும் எனக்குப் புரியலீங்க” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டேன்.

பஸ் நின்ற காலத்தில் கண்டக்டர் விசிலுக்குப் பயந்து, சுடச்சுட ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடுவார்கள். இப்போது சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்று பேசுகிறார்கள். சந்தைக்கு இறங்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்து இரண்டாவது டீ கேட்கிறார்கள். பிள்ளைகள் தெரு நடுவில் சைக்கிள் பழகுகின்றன. மாலையில் அந்தத் தெருவைப் பார்த்தால், இன்னும் நாலு தெருவை இப்படி ஆக்கலாமே என்று எனக்கே ஆசை வருகிறது... எனக்கே!

நடப்பவர்களுக்குத் தாகம் எடுக்கிறது. நிறைய எடுக்கிறது.

மாரக்கா மறுபடி வருகிறாள். முன்பு ஏரியிலிருந்து என் கடைவரை ஒரே நடையாக வருவாள். இப்போது இரண்டு இடத்தில் நின்று வருகிறாள். ஆனால் தெருவில் இறங்குவதில்லை.

இன்று காலையும் வந்தாள். கல்லின்முன் கொய்யாவை வைத்துக் கும்பிட்டு, எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.